ஒழுகும் பைப்பும் சுண்ணாம்புத் தண்ணீரும்

குளியலறைப் பைப்பில் தண்ணீரை மறித்து நிற்பது சில மில்லிமீற்றர் அகலமுள்ள ஒரு வளையம் மட்டுமே. பைப்பின் உடலுக்குள் பித்தளையில் கடைந்த வட்டமான இருக்கை ஒன்று உண்டு. அதன் நடுத்துளை வழியாகத்தான் தண்ணீர் ஏறி வரவேண்டும். கைபிடியைத் திருகும்போது மரை வெட்டிய தண்டு கீழிறங்கி, நுனியில் பூட்டியிருக்கும் இறப்பர் வாசரை அந்த இருக்கையின்மேல் வைத்து அழுத்துகிறது. இறப்பரும் பித்தளையும் இடைவெளியின்றிச் சேர்ந்தால் பைப் பூட்டுப்படுகிறது. இரண்டில் ஒன்று தேய்ந்தாலும், பள்ளம் விழுந்தாலும், நடுவில் ஒரு மணற்பரல் அகப்பட்டாலும் சொட்டத் தொடங்குகிறது. இங்கிலாந்தின் றொதரம் நகரில் பித்தளை வார்ப்பாலை நடத்திய கெஸ்ட் அன்ட் கிறைம்ஸ் நிறுவனம் 1845இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. அதற்கு முன் உரோமர் காலந்தொட்டுப் புழங்கியவை, துளையிட்ட கூம்புக் கட்டையைத் திருப்பித் திறக்கும் வகை.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கோப்பாயில் ‘தொட்டி’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது கிணற்றடியில் சீமெந்தால் கட்டிய நீர்த்தொட்டிதான். படுத்துக் குளிக்கும் தொட்டி அல்ல. துலாவால் இறைத்தும், பின்னர் எஞ்சினால் இறைத்தும், வாளியில் அள்ளி முழுகிய ஊர் அது. மின்சார மோட்டரும் மேல்நிலைத் தாங்கியும் பரவிய பிறகுதான் குளியல் கிணற்றடியை விட்டு வீட்டுக்குள் நுழைந்தது. 1990களில் குடாநாட்டில் மின்சாரம் இல்லாதிருந்த ஆண்டுகளில் மறுபடி கிணற்றடிக்கே திரும்பியது. இப்போது எழும் புதிய வீடுகளில், அதிலும் வெளிநாட்டு உறவுகளின் காசும் விருப்பமும் கலந்து எழும் வீடுகளில், குளியல் தொட்டியும் சுவருக்குள் புதைத்த மிக்சரும் இடம்பிடித்துவிட்டன. கிணற்றடிப் பைப்போ தொட்டி மிக்சரோ, இரண்டுக்கும் வருவது ஒரே கிணற்றுத் தண்ணீர். ஆகவே வால்வு தேயும் விதத்தை விளங்கிக்கொள்ள, பைப்பைக் கழற்றுவதற்கு முன் கிணற்றைப் பார்க்க வேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை கொட்டும் வடகீழ்ப் பருவமழை செம்மண்ணுக்குள் இறங்கி, அடியிலுள்ள மயோசின் காலச் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்குகிறது. இப்படித் தங்கிய நன்னீர் கடல்நீரைவிட இலேசானது. எனவே அதன்மேல் வில்லை வடிவில் மிதக்கிறது. குடாநாட்டு நீர்வில்லைகளில் பெரியது வலிகாமத்தினுடையது. கோப்பாய் அதன் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. கோப்பாய்க்கு வடக்கே, புத்தூர்ப் பக்கத்திலுள்ள நிலாவரைக் கிணற்றில் இந்த ஏற்பாட்டை நேரடியாகக் காணலாம்: மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். நன்னீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நின்றால், அடியில் ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும் என்பது கிபென், ஹேர்ஸ்பேர்க் என்ற இருவரின் பெயரால் வழங்கும் கணக்கு. மறுதலையாகப் பார்த்தால், வெயில் காலத்தில் மோட்டர்கள் ஒரு சாண் மட்டத்தைக் குறைத்தால் அடியில் உவர் நாற்பது சாண் ஏறிவர இடம் கிடைக்கிறது.

பைப்புக்குக் கேடு செய்யும் இரண்டு பொருள்களும் இந்த நிலத்திலிருந்தே வருகின்றன. முதலாவது சுண்ணாம்பு. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. அந்த அமிலம் சுண்ணாம்புக் கல்லிலுள்ள கல்சியம் காபனேற்றைக் கல்சியம் இருகாபனேற்றாக மாற்றிக் கரைத்தெடுக்கிறது. கிணற்றில் கண்ணாடிபோலத் தெளிந்து நிற்கும் தண்ணீருக்குள் கல் இருக்கிறது என்பது இதனால்தான். ஒரு லீற்றரில் 180 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் காபனேற்றுக்குச் சமமான உப்பு இருந்தால் அதை மிக வன்மையான நீர் என்பார்கள். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அந்த எல்லை எளிதாகத் தாண்டப்படுகிறது. சவர்க்காரம் நுரைக்க மறுப்பதும், கேத்தலின் அடியில் வெள்ளைப் படை பிடிப்பதும் அதற்கு அன்றாடச் சாட்சிகள்.

கரைந்த கல் மறுபடி கல்லாவது தாங்கியில் தொடங்குகிறது. நிலத்தடியில் அடைபட்டிருந்த காபனீரொட்சைட்டு, தண்ணீர் மேலே வந்ததும் காற்றோடு கலந்து விலகுகிறது. அது போனால் சுண்ணாம்பைக் கரைசலில் வைத்திருக்க ஆளில்லை. சீனியும் உப்பும் சூட்டில் கூடுதலாகக் கரையும். கல்சியம் காபனேற்று அதற்கு எதிர், சூடேறினால் கரைதிறன் குறைகிறது. கூரைமேல் பங்குனி, சித்திரை வெயிலில் காயும் பிளாஸ்ரிக் தாங்கியைவிட அதற்கு வாய்ப்பான இடம் வேறில்லை. தாங்கியின் அடியில் சேரும் வெண்தூள் குழாய் வழியே இறங்கி வந்து வால்வுக்குள் புகுகிறது. பைப்பின் வாயில் தொங்கும் ஒவ்வொரு துளியும் ஆவியாகும்போது தன் பங்குக்குக் கொஞ்சம் கல்லை விட்டுப் போகிறது. சுண்ணாம்புக் குகைகளில் விழுதுகள் தொங்குவது எந்த வேதியியலாலோ, ஒழுகும் பைப்பின் மூக்கில் வெள்ளைத் தாடி வளர்வதும் அதே வேதியியலால்.

இரண்டாவது பொருள் குளோரைட்டு. கோப்பாயின் கிழக்கே, கைதடிக்குப் போகும் வீதி உப்பாற்றைக் கடக்கிறது. வெளியோரத்துக் கிணறுகளில் கோடையில் தண்ணீர் சவர் தட்டுவது ஊரறிந்த சங்கதி. (சவர் என்ற சொல்லுக்கு இங்கே இரண்டு வேலை: கிணற்றில் அது உப்புச்சுவை, குளியலறையில் தலைக்குமேல் பொழியும் பூவாளி.) பைப் செய்யும் பித்தளையில் 100 பங்கில் 40 பங்களவு நாகம், மிகுதியில் பெரும்பகுதி செம்பு. குளோரைட்டு மிகுந்த நீர் நாகத்தை மட்டும் தேர்ந்து அரித்தெடுக்கிறது. மிஞ்சுவது, பார்வைக்கு உருவம் மாறாத, ஆனால் கடற்பஞ்சுபோலத் துளைத்த செம்பு. கழற்றிய தண்டோ வாசர் ஆணியோ மஞ்சளாக இல்லாமல் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அதில் பலமில்லை என்று பொருள். திருப்புளி பட்டதும் ஆணியின் தலை உதிர்வதும் அதனால்தான்.

மூன்றாவது காரணமும் உண்டு. அது தண்ணீரில் இல்லை, கையில் இருக்கிறது. தாங்கியின் நீர்மட்டம் பைப்புக்கு மேலே 5 மீற்றர் உயரத்தில் இருந்தால், வால்வில் தண்ணீரின் அமுக்கம் ஏறத்தாழ 49 கிலோபாசுக்கல், அதாவது வளிமண்டல அமுக்கத்தில் பாதி. 12 மில்லிமீற்றர் விட்டமுள்ள துளையில் இந்த அமுக்கம் வாசரை மேலே தள்ளும் விசை அரைக் கிலோ நிறைக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவே. அதைத் தடுக்கக் கை என்ன செய்கிறது? கைபிடியின் ஆரம் 3 சென்ரிமீற்றர், தண்டின் மரை சுற்றுக்கு 2 மில்லிமீற்றர் இறங்குவது என்றால், ஒரு சுற்றில் கை 188 மில்லிமீற்றர் நகர, வாசர் 2 மில்லிமீற்றரே நகர்கிறது. விசை 94 மடங்கு பெருகுகிறது. உராய்வில் முக்கால் பங்கு வீணானாலும் 23 மடங்கு மிஞ்சும். 2 கிலோ அளவுக்குக் கையால் அழுத்தித் திருகினால் இறப்பர்மீது இறங்குவது ஏறத்தாழ 46 கிலோ. அரைக் கிலோ எதிர்ப்புக்கு 46 கிலோ! மரை என்ற எளிய இயந்திரத்தின் பெருமையும் இதுதான், வாசரின் சாபமும் இதுதான்.

இறப்பர் நசுங்கி மீள்வதற்காகவே வைக்கப்பட்டது. ஆனால் இரவு முழுக்க இறுக்கி வைத்தால் அதன் நீண்ட மூலக்கூறுகள் புதிய நிலைக்கு மெல்ல ஒழுங்குபட்டு, பழைய வடிவத்துக்குத் திரும்ப மறந்துவிடுகின்றன. கழற்றிப் பார்க்கும் எந்தப் பழைய வாசரிலும் இருக்கையின் அச்சு வட்டமான பள்ளமாகப் பதிந்திருக்கும். பள்ளம் ஆழமாகும்தோறும் பூட்டக் கூடுதல் இறுக்கம் வேண்டியிருக்கிறது. கூடுதல் இறுக்கம் பள்ளத்தை இன்னும் ஆழமாக்குகிறது. இறுதியில் ஒரு மூலையில் முடியளவு வழி திறக்கிறது. 5 மீற்றர் உயரத்துத் தண்ணீர் உராய்வின்றி அந்த வழியால் பாய்ந்தால் அதன் வேகம் செக்கனுக்கு 9.9 மீற்றர், மணிக்கு 35 கிலோமீற்றருக்கு மேல். உண்மையில் உராய்வு அதைக் குறைத்துவிடும். ஆனால் தண்ணீரோடு சுண்ணாம்புத் துணிக்கைகளும் போகின்றன. பித்தளை இருக்கையின் விளிம்பில் அவை நாளடைவில் மெல்லிய வாய்க்கால் ஒன்றை அறுத்துவிடும். அந்த வாய்க்கால் விழுந்த பிறகு எத்தனை புது வாசர் மாற்றினாலும் ஒழுக்கு சில நாட்களில் திரும்பி வரும். வாசர் தரமில்லை என்று கடைக்காரர் மேல் பழிபோடுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

செக்கனுக்கு ஒரு துளி வீதம் சொட்டும் பைப்பில் நாளொன்றுக்கு 86,400 துளிகள். 20 துளிக்கு 1 மில்லிலீற்றர் என்று கொண்டால் 4.3 லீற்றர், ஆண்டுக்கு 1,500 லீற்றருக்கு மேல். 1,000 லீற்றர்த் தாங்கி ஒன்றரை முறை நிரம்பி வீணாவதற்குச் சமம். கிணறும் மோட்டரும் சொந்தமாக இருக்கும் வீட்டில் இது பெரிய காசில்லை என்று தோன்றலாம். நன்னீர் வில்லையின் கணக்கில் பார்த்தால் அப்படியல்ல.

திருத்துவதற்கு முன் ஒழுக்கு எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். பூட்டியிருக்கும்போது மூக்கிலிருந்து சொட்டினால் குற்றம் வாசரிலோ இருக்கையிலோ. திறந்திருக்கும்போது மட்டும் கைபிடியின் கழுத்தைச் சுற்றித் தண்ணீர் கசிந்தால், தண்டைச் சுற்றியுள்ள ஓ-றிங்கோ திணிப்பு நூலோ தேய்ந்துவிட்டது. வாசரைத் தொடத் தேவையில்லை. ரைல் ஒட்டிய சுவர் ஈரமாகி, பைப்பைத் தொடாமலே ஈரம் பரவினால், அது சுவருக்குள்ளிருக்கும் இணைப்பின் கோளாறு. வீட்டுக்காரர் கைவைக்கக் கூடாத இடம். குளித்து முடித்த பின் சவர்த் தலையிலிருந்து சில நிமிடங்கள் சொட்டுவது ஒழுக்கே அல்ல. நிமிர்ந்த குழாயில் தங்கிய தண்ணீரைச் சிறு துளைகளின் பரப்பிழுவிசை தாங்கிப் பிடித்திருக்கும். அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கைவிடும்.

வேலை தாங்கியடியில் தொடங்குகிறது. தாங்கியிலிருந்து இறங்கும் குழாயிலுள்ள கேற் வால்வைப் பூட்டி, வீட்டில் மிகத் தாழ்ந்த பைப்பைத் திறந்து குழாயிலுள்ள தண்ணீரை வடியவிட வேண்டும். ஆண்டுக்கணக்கில் தொடாத கேற் வால்வுக்குள்ளும் சுண்ணாம்பு படிந்திருக்கும், முழுதாகப் பூட்டாது. பலவந்தப்படுத்தினால் தண்டு முறியும். சிறிது சிறிதாக முன்னும் பின்னும் திருப்பி இளக்குவதே வழி. இளகாவிட்டால் மோட்டரைப் போடாமல் தாங்கியைக் காலியாக்கிய பின் வேலை செய்வது நல்லது. குளியல் தொட்டியின் வடிகால் துளையைத் துணியால் அடைக்க வேண்டும். கைபிடியின் சிறு ஆணி போய்ச் சேர விரும்பும் ஒரே இடம் அதுதான். தொட்டியின் அடியிலும் தடித்த சாக்கொன்றை விரித்துவிட்டால், ஸ்பானர் விழுந்தாலும் மேற்பூச்சு வெடிக்காது.

கைபிடியின் நடுவில் சிவப்பு அல்லது நீல நிறத்தில் இருக்கும் சிறு மூடியைக் கத்தி நுனியால் நெம்பினால் ஆணி தெரியும். அதைக் கழற்றியும் கைபிடி வராவிட்டால், இடையில் சுண்ணாம்பு இறுகியிருக்கிறது. சுத்தியலுக்குப் போவதற்கு முன் வினாகிரியில் நனைத்த துணியை ஒரு மணித்தியாலம் சுற்றிவைப்பது பலன் தரும். வினாகிரியிலுள்ள அசற்றிக்கமிலம் கல்சியம் காபனேற்றைக் கரைத்து, காபனீரொட்சைட்டைக் குமிழிகளாக வெளியேற்றுகிறது. 4 வீத வினாகிரியில் ஏறத்தாழ 30 மில்லிலீற்றர் 1 கிராம் சுண்ணாம்பைத் தீர்க்கும். தேசிக்காய்ச் சாறும் உதவும், ஆனால் அதிலுள்ள சித்திரிக்கமிலம் எளிதில் கரையாத கல்சிய உப்பொன்றையும் உண்டாக்குவதால் பிறகு தேய்த்துக் கழுவ வேண்டும். மலசலகூடம் கழுவும் அமிலத்தைப் பைப்பில் ஊற்றுவது முழு மடமை. அது சுண்ணாம்பை நொடியில் கரைக்கும். குரோமியப் பூச்சையும் அடியிலுள்ள நிக்கலையும் பித்தளையையும் அதே ஆர்வத்தோடு தாக்கும்.

கைபிடிக்குக் கீழே ஆறுமுக நட்டோடு கூடிய தலைப்பகுதி இருக்கிறது. அதை இளக்குவதற்கு முன் தண்டை அரைச் சுற்றாவது திறந்த நிலைக்குத் திருப்பி வைக்க வேண்டும். பூட்டிய நிலையில் கழற்றினால் வாசர் இருக்கைமேல் அரைபட்டு, இருக்கும் கீறலைப் பெரிதாக்கும். சுவருக்கு வெளியே நிற்கும் பைப் என்றால் ஒரு கையால் உடலை இறுகப் பிடித்து மறு கையால் ஸ்பானரைத் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் திருகும் விசை பி.வி.சி. முழங்கைக்குப் போய் அதை வெடிக்கவைக்கும். பத்து ரூபாய்க் கசிவு சுவரை உடைக்கும் வேலையாக மாறுவது இப்படித்தான். சுவருக்குள் புதைத்த தொட்டி வால்வுக்கு நீண்ட குழல் ஸ்பானர் வேண்டும். ரைலின் துளை சிறிதாக இருந்தால் சீமெந்தை விளிம்பில் மெல்லச் சுரண்டி வழி செய்ய வேண்டும்.

தலைப்பகுதி வெளியே வந்ததும் அதன் நுனியில் வாசர் தெரியும். பழையதைக் கையோடு ஹார்ட்வெயார் கடைக்குக் கொண்டுபோவதே நல்லது. ‘அரை இஞ்சி’ என்று கேட்டால் கிடைப்பது குழாயின் அளவு. வாசரின் விட்டமும் தடிப்பும் பைப்புக்குப் பைப் மாறும். மிகப் பெரிய வாசர் விளிம்பில் மடியும், சிறியது இருக்கையை முழுதாக மூடாது. மடித்து அழுத்தி விட்டவுடன் சட்டென நிமிரும் இறப்பரே நல்லது. நகம் பட்ட இடம் பள்ளமாகவே நின்றால் அது கடையிலேயே கிழடாகிவிட்டது. வாசரைப் பிடிக்கும் ஆணி சிவந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

அடுத்தது பலரும் தாண்டிப்போகும் இடம்: இருக்கை. சுட்டுவிரலை உள்ளே விட்டு விளிம்பை ஒரு சுற்றுத் தடவினால் போதும். ஒப்பமாக வழுக்கினால் நல்லது. வெண்படிவு நெருடினால் வினாகிரித் துணியால் துடைத்தெடுக்கலாம். நகம் ஓரிடத்தில் தடக்கினால் அங்கே வாய்க்கால் இருக்கிறது. ரோச் வெளிச்சத்தில் அது கருங்கோடாகத் தெரியும். இருக்கையைச் சீவிச் சமமாக்க ஒரு சிறு கருவி உண்டு. தலைப்பகுதியின் மரையிலேயே அதைப் பூட்டி, மெல்ல இரண்டு மூன்று சுற்றுத் திருப்பினால் வெட்டும் பல் விளிம்பைப் புதிதாக்கும். அதற்கு மேல் திருப்பக்கூடாது. பித்தளை அங்கே தடிப்பமானதல்ல. சில பைப்புகளில் இருக்கையே தனியாகக் கழன்று வரும் துண்டாக இருக்கும், அப்படியானால் மாற்றுவது இன்னும் இலகு. கருவி இல்லாத வீட்டில், இருக்கைத் துளைக்குள் செருகும் நைலோன் வளையமும் வாசரும் சேர்ந்த சோடி ஒன்றை வாங்கிப் பூட்டலாம். பழைய வாய்க்காலை அது மூடிவிடும்.

அண்மைக் காலத்தில் பொருத்திய பைப்புகள் பலவற்றில் வாசரே இராது. கால் சுற்றில் திறந்து பூட்டும் அவற்றுக்குள் அலுமினியம் ஒட்சைட்டுப் பீங்கானால் செய்த இரண்டு தட்டுகள் ஓர் உருளைக்குள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். தட்டுகளிலுள்ள துளைகள் நேர்ப்படும்போது தண்ணீர் வரும், விலகும்போது நிற்கும். பீங்கானின் வன்மை வைரத்துக்கு ஒரு படி கீழே. தட்டுகள் மைக்ரோமீற்றர் நுட்பத்தில் சமமாக மெருகிடப்பட்டிருப்பதால் இடையில் தண்ணீருக்கு வழியில்லை. இங்கே இறுக்கித் திருகுவதால் எந்தப் பயனும் கிடையாது, தட்டு சுற்றும், அவ்வளவுதான். சாதாரண சுண்ணாம்பு இந்தத் தட்டைக் கீறாது. ஆனால் கிணற்றிலிருந்து வரும் படிகமணல் விளிம்பை உடைக்கும், படிந்த சுண்ணாம்பு தட்டுகளை ஒட்டவைத்துத் திருப்புவதைக் கடினமாக்கும். அப்போது பலத்தோடு திருப்பினால் தண்டின் பிளாஸ்ரிக் கழுத்து முறிகிறது. உருளையை முழுதாகக் கழற்றி ஒரு இரவு வினாகிரியில் ஊறவிட்டு, தட்டுகளின் கீழேயுள்ள இறப்பர் வளையத்தை மாற்றினால் பல உருளைகள் மீளும். மீளாவிட்டால் புதிதுக்கு, தண்டிலுள்ள பற்களின் எண்ணிக்கையும் நீளமும் எந்தப் பக்கம் திறக்கிறது என்பதும் ஒத்திருக்க வேண்டும். வலத்தே திறப்பதை இடத்தே பூட்டினால் கைபிடி தலைகீழாக வேலை செய்யும்.

ஒற்றைக் கைபிடி மிக்சர் அமெரிக்கரான அல் மோயன் என்பவரின் கைவண்ணம். 1937இல் இரட்டைப் பைப்பில் கை சுட்டுக்கொண்ட அவர், தண்ணீரின் அளவையும் சூட்டையும் ஒரே கையால் மாற்றும் வகையைத் தேடினார். 1947இல் அது விற்பனைக்கு வந்தது. இன்றைய மிக்சர்களின் காட்றிட்ஜ் என்னும் உருளை பொதுவாக 35 அல்லது 40 மில்லிமீற்றர் விட்டமுள்ளது. கழற்ற, கைபிடியின் அடியிலுள்ள சிறு துளைக்குள் அலன் கீயைச் செருகி ஆணியை இளக்க வேண்டும். தொட்டி மிக்சரில் தண்ணீரைத் தொட்டிக்கோ சவருக்கோ திருப்பும் இழுகட்டை ஒன்றும் இருக்கும். சவர் திறந்திருக்கையில் தொட்டி மூக்கிலும் தண்ணீர் கணிசமாக ஓடினால் தேய்ந்தது அந்தக் கட்டையின் இறப்பர்தான், காட்றிட்ஜ் அல்ல. தாங்கியின் உயரம் போதாத வீடுகளில் கட்டை மேலே நிற்காமல் தானே விழுவதுண்டு. அதைத் தாங்கிப்பிடிப்பது தண்ணீரின் அமுக்கமே; புதுக் கட்டை வாங்கினாலும் அது விழத்தான் செய்யும்.

கிணற்றுத் தண்ணீருக்கு மாற்றும் வந்திருக்கிறது: 2024 ஓகஸ்டில் குடாநாட்டின் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவோடு கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. அந்தக் குழாய்நீர் நேரடியாக இணையும் வீடுகளில் வால்வின் எதிரிகள் இடம் மாறும்: சுண்ணாம்பு குறையும், தாங்கியை நம்பாத குழாயமுக்கமும் கிருமிநீக்கக் குளோரினும் இறப்பரைச் சோதிக்கும்.

திரும்பப் பூட்டும்போது தண்டின் மரைக்கும் ஓ-றிங்குக்கும் சிலிக்கன் கிறீஸ் தடவ வேண்டும். வாகனக் கிறீஸ் ஆகாது; அதிலுள்ள எண்ணெய் பல வகை இறப்பரை ஊதவைக்கும். தலைப்பகுதி அமர்வது தன் வளையத்தின் மேல், அதற்குத் தெஃப்லன் ரேப் தேவையில்லை. சுவருக்குள் திருகும் மரைக்குத்தான் ரேப். அதையும் மரை இறுகும் திசையிலேயே சுற்ற வேண்டும், எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போது சுருண்டு கழன்றுவிடும். கேற் வால்வை மெல்லத் திறந்து, மூக்கிலுள்ள சல்லடையைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் தண்ணீரை ஓடவிட்டால் கலங்கிய சுண்ணாம்பும் வெட்டிய பித்தளைத் தூளும் வெளியேறும். புது வாசரைக் கீறக்கூடியவை அவை இரண்டும்தான். பிறகு பைப்பை, ஒழுக்கு நிற்கும் அளவுக்கு மட்டும் பூட்டி, மூக்கைத் துணியால் துடைத்து, அடியில் ஒரு காய்ந்த தேநீர்க் கோப்பையை வைத்துவிட வேண்டும். காலையில் கோப்பை காய்ந்தே இருந்தால் வேலை சரி. அடியில் தண்ணீர் தேங்கியிருந்தால், வாசரை மறுபடி மாற்றாமல், விரலை இன்னொரு முறை இருக்கையைச் சுற்றித் தடவிப் பார்க்க வேண்டும்.